ஞாயிறு காலை ஏழு மணி

பிறந்த ஊரை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறிய குடும்பங்களில் சில காரியங்கள் நாள் தவறாமல் நடைபெறுகின்றன. பால்காரர் விடியுமுன் வந்துவிடுகிறார். பள்ளி வண்டி குறித்த நிமிடத்தில் தெருமுனையில் நிற்கிறது. வாடகையும் மின்கட்டணமும் அந்தந்தத் தேதியில் செலுத்தப்படுகின்றன. இவற்றுக்கெல்லாம் ஒரு நேரம் உண்டு. நேரம் தவறினால் ஏன் என்று கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு. குழந்தைக்குத் தமிழ் எழுத்துக் கற்பிக்கும் காரியம் ஒன்றுக்குத்தான் நேரமும் இல்லை, கேட்பாரும் இல்லை. ‘அடுத்த விடுமுறையில் தொடங்கலாம்’ என்கிறோம். விடுமுறை வருகிறது, உறவினர் வருகிறார்கள், திருமணங்கள் வருகின்றன, விடுமுறை போய்விடுகிறது. குழந்தை ஒரு வகுப்பு மேலே ஏறிவிடுகிறது. எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அன்பர்களே, நான் இங்கே சொல்ல வந்தது மிகச் சிறிய ஓர் ஏற்பாட்டைப் பற்றியே. நாம் அருகில் இல்லாதபோதும், ஒருவரும் ஏவாதபோதும், குறித்த நாளில் குறித்த மணிக்கு ஒரு தாளைத் தானாகவே அச்சிட்டுத் தருமாறு வீட்டுக் கணினியை அமைத்துவைக்கலாம். கேட்பதற்கு இது அலுவலகக் காரியம் போலத் தோன்றும். ஆயினும் எங்கள் குடும்பத்தில் இல்லாதிருந்த ஒரு நேரத்தை அது உண்டாக்கித் தந்தது. ஆகவே அதன் காரணத்தையும் முறையையும், அதனால் ஆகாதது எது என்பதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நான் இருப்பது திருப்பதியில். என் மகளும் மருமகனும் சித்தூரில் இருக்கிறார்கள். என் தாயார் திருத்தணியில், பழைய வீட்டிலேயே வாழ்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். இந்த மூன்று ஊர்களும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி மட்டும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. என் தாயார் வீட்டு வாசலை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர். நாங்களோ பிழைப்பின் பொருட்டு நாமே நகர்ந்து வந்தவர்கள். கடல் கடந்து சென்ற தமிழர் பலர் இருக்க, இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் இருப்பவர்கள் தம்மைப் புலம்பெயர்ந்தோர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். குழந்தையின் பள்ளிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் தொலைவு தெரியும்.

திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் வெட்டப்பட்டவை. 1930-களில் தேவஸ்தானமே அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. மார்கழி மாதத்தில் அங்கே சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. ஆகவே தமிழ் இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆனால் கல்லில் இருக்கும் எழுத்துக் குழந்தையின் கைக்குத் தானாக வந்துவிடாது. என் பேத்திக்கு எட்டு வயது. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் கற்கிறாள். தெலுங்கு இந்த மண்ணின் மொழி. அதை அவள் அழகாகக் கற்பதில் எங்களுக்குப் பெருமையே. வீட்டில் தமிழ் பேசுகிறாள். எழுதவும் படிக்கவும் மட்டும் தெரியாதிருந்தாள். அவள் தந்தையும் சித்தூரிலேயே பிறந்து தெலுங்கு வழியில் படித்தவர். சரளமாகத் தமிழ் பேசுவார், ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையைத் தமிழில் படிக்க அவருக்கு வராது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் எங்கள் வீட்டில் ஓர் உருவம் எடுத்து வந்தது. என் தாயாருக்குச் சில ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தோம். இரைச்சல்தான் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். தொலைபேசி அவருக்குப் பயன்படாது. கண் மட்டும் இன்னும் கூர்மை. நாள்தோறும் செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறார். அவர் அறிந்த எழுத்துத் தமிழ் ஒன்றே. ஆக, கொள்ளுப்பேத்தி பேசுவது கொள்ளுப்பாட்டிக்குக் கேட்காது; கொள்ளுப்பாட்டி படிக்கக்கூடிய எழுத்துக் கொள்ளுப்பேத்திக்கு எழுதத் தெரியாது. இருவருக்கும் தாய்மொழி ஒன்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதோடு உறவு நின்றுவிட்டது. இன்னும் எத்தனை ஆண்டுகள் இதற்கு அவகாசம் உண்டு என்பதை எண்பது வயதைக் கடந்தவர் விஷயத்தில் எவரும் சொல்ல இயலாது.

இந்த நிலையில்தான் அச்சுப்பொறி எங்களுக்கு ஒரு வழி காட்டிற்று. சித்தூர் வீட்டில் வண்ண மையால் அச்சிடும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. குழந்தையின் பள்ளி வேலைகளுக்காக வாங்கியது. மாதத்தில் ஓரிரு நாள்தான் அதற்கு வேலை. சென்ற ஆண்டுக் கோடையில் ஒரு நாள் படம் ஒன்றை அச்சிட்டபோது வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடின; மஞ்சள் நிறமே வரவில்லை. பழுது பார்ப்பவர் வந்து திறந்து பார்த்தார். ‘ஐயா, இதில் கோளாறு ஒன்றுமில்லை. ஹெட்டில் மை காய்ந்துவிட்டது. வேலை கொடுத்தால்தான் இது நன்றாக இருக்கும். வாரத்துக்கு ஒரு தாளாவது எல்லா நிறமும் வரும்படி அச்சடித்துக்கொண்டே இருங்கள்’ என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தை விளக்குவது நலம். மை உமிழும் அச்சுப்பொறியின் தலைப்பகுதியில் மயிரிழையினும் நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றின் வழியே கண்ணுக்குத் தெரியாத துளிகள் தாளின்மீது தெறிக்கின்றன. ஒருவகைப் பொறியில், மின் அழுத்தத்தால் வளையும் படிகம் துளியைத் தள்ளுகிறது. மற்றொரு வகையில், நுண்ணிய சூட்டினால் மையில் ஒரு குமிழி எழுந்து துளியை வெளியேற்றுகிறது. இந்த இரண்டாம் வகை பிறந்த கதை சுவையானது. 1977-இல் ஜப்பானிய நிறுவனமான கேனனின் ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசி ஒன்றின்மீது சூடான பற்றவைப்புக் கருவி தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை தெறித்தது. அதைக் கண்ட பொறியாளர் இச்சிரோ எண்டோ அதையே ஓர் அச்சு முறையாக வளர்த்தார். எவ்வகையாயினும், நீர் கலந்த மை துளையின் வாயில் நீண்ட நாள் நின்றால் நீர் ஆவியாகிவிடும். சாயம் தங்கித் துளையை அடைக்கும். திருப்பதியிலும் சித்தூரிலும் கோடை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுவதில்லை. தூளால் அச்சிடும் லேசர் பொறிக்கு இந்தத் தொல்லை இல்லை. மைப்பொறி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொறியை அதன் பொத்தானால் அணைத்தால்தான் தலைப்பகுதி தன் மூடிக்குள் சென்று அமரும். சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டி அணைத்தால் சில வேளை அது திறந்தபடியே நின்று விரைவில் காய்ந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு தாள் என்று அவர் சொன்ன சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. எப்படியும் ஒரு தாள் அச்சாக வேண்டும். அது ஏன் வெறும் நிறப்பட்டைகள் கொண்ட சோதனைத் தாளாக இருக்க வேண்டும்? அதில் குழந்தைக்கு ஒரு தமிழ்ப் பாடம் இருக்கலாகாதா? பொறிக்கும் வேலை, குழந்தைக்கும் வேலை. இவ்வாறு எண்ணிப் பாடத்தாளை நானே அமைக்கலானேன். உயிரெழுத்துச் சிவப்பு, மெய்யெழுத்து நீலம், உயிர்மெய் பச்சை, சொற்கள் கறுப்பு என்று வகுத்தேன். வண்ண அச்சுப்பொறியில் சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தா என்னும் செந்நிற மையும் சேர்ந்தது. நீலம் அந்தச் செந்நிறமும் சயான் என்னும் நீல மையும் சேர்ந்தது. பச்சை மஞ்சளும் நீல மையும் சேர்ந்தது. ஆகவே இந்த மூன்று நிறங்களும் வந்துவிட்டால் எல்லாத் துளைகளுக்கும் வேலை கிடைத்துவிடும். ஒரு நிறம் மங்கினால் எந்த மை காய்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதல் ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டாகப் பன்னிரண்டு உயிர். அடுத்த பதினெட்டு வாரங்கள், வாரத்துக்கு ஒரு மெய்யும் அதன் உயிர்மெய் வரிசையும். ஆக 24 வாரங்களில் நெடுங்கணக்கு முடிகிறது. அதன் பின்னர்ச் சிறு சொற்களும் வாக்கியங்களும். தாளின் மேற்பாதியில் பாடம். கீழ்ப்பாதியில் கோடிட்ட வெற்றிடம். ஓர் ஆண்டுக்கு 52 தாள்கள் வேண்டும். கடையில் வாங்கும் ஒரு ரீம் என்பது 500 தாள்கள். கணக்குப் பார்த்தால் ஒரே ரீம் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வரும். ஆறு வயதில் தொடங்கும் குழந்தை பதினைந்து வயதை அடையும் வரைக்கும் ஒரு கட்டுத் தாள் போதும் என்றால், இது செலவு பற்றிய கேள்வியே அன்று.

இனி, தானாக அச்சிடும் முறை. எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் கணினி பயில்கிறார், தாய்மொழி தெலுங்கு. அவர்தாம் இதை எனக்குப் பொறுமையோடு கற்றுக்கொடுத்தார். விண்டோஸ் கணினிகளில் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்றொரு பகுதி உள்ளது. 1995-இல் விண்டோஸுக்குத் துணையாக விற்கப்பட்ட ‘பிளஸ்’ தொகுப்பில் ‘சிஸ்டம் ஏஜெண்ட்’ என்னும் பெயரில் தோன்றியது; இன்று எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இருக்கிறது. அதைத் திறந்து ஒரு புதிய பணியை உண்டாக்க வேண்டும். அது மூன்று கேள்விகள் கேட்கும்: எப்போது, எதை, எந்த நிபந்தனையில்? எப்போது என்பதற்கு வாரந்தோறும், ஞாயிறு, காலை 7 மணி என்று குறித்தோம். எதை என்பதற்கு, பாடத்தாளை அச்சுக்கு அனுப்பும் ஒரு சிறு ஆணைக் கோப்பைக் காட்டினோம். ‘சுமத்ரா பி.டி.எஃப்.’ என்னும் இலவச மென்பொருள், எவரும் பொத்தானை அழுத்தாமலே ஒரு கோப்பை வீட்டின் வழக்கமான அச்சுப்பொறிக்கு அனுப்பும் வல்லமை உடையது. அதையே பயன்படுத்தினோம்.

நிபந்தனைகளில்தான் கவனம் வேண்டும். முதலாவது, ‘குறித்த நேரம் தவறிப்போனால், இயன்ற விரைவில் செய்’ என்னும் பொருளுடைய கட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏழு மணிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் மின்சாரம் வந்து கணினி இயங்கியபின் தாள் வரும். இரண்டாவது, மடிக்கணினியாயின் ‘மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும்’ என்ற கட்டம் முன்னதாகவே குறியிடப்பட்டிருக்கும், அதை நீக்கிவிடலாம். மூன்றாவது, உறங்கும் கணினியை எழுப்பிப் பணி செய்யுமாறு ஒரு கட்டம் உண்டு. ஆனால் அது உறங்கும் கணினியைத்தான் எழுப்பும். முற்றிலும் அணைத்துவிட்ட கணினியை எழுப்பாது. ஆகவே சனிக்கிழமை இரவு கணினியை அணைக்காமல் உறங்கவிட வேண்டும். நான்காவது, விண்டோஸ் சில வேளைகளில் வழக்கமான அச்சுப்பொறி எது என்பதைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்த உரிமையை அதனிடமிருந்து எடுத்துவிட்டு நம் பொறியை நாமே நிலைநிறுத்த வேண்டும்.

லினக்ஸ் பயன்படுத்தும் வீடுகளுக்கும் ஒரு சொல். யூனிக்ஸ் என்னும் அமைப்பில் 1970-களிலேயே ‘கிரான்’ என்றொரு காலக்காவலன் பிறந்துவிட்டது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்கு ஐந்து குறிப்புகள் போதும்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ‘0 7 * * 0’ என்று எழுதினால் ஞாயிறுதோறும் காலை ஏழு மணி என்று பொருள். உடுக்குறி ‘எதுவாயினும்’ என்பதைக் குறிக்கும். அங்கே அச்சுப்பணிகளைக் கவனிப்பது ‘கப்ஸ்’ என்னும் அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1990-களின் இறுதியில் உருவாக்கியது. அதன் ‘எல்பி’ ஆணையிலேயே, ஒரு தாளை இன்ன மணி வரையில் நிறுத்திவை என்று சொல்லலாம். ஆனால் அந்த மணி நம் ஊர் மணியன்று. உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. சித்தூரில் காலை 7 மணிக்குத் தாள் வேண்டுமென்றால் 01:30 என்று எழுத வேண்டும். வெளிநாடுகளில் வாழும் அன்பர்கள் தத்தம் ஊரின் கணக்கைப் போட்டுக்கொள்க.

தமிழுக்கே உரிய ஒரு கவனமும் உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பாடத்தை வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே யூனிகோடிலேயே எழுத வேண்டும். எழுதியதை எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எஃப். கோப்பாக மாற்றி வைத்தால், எந்தக் கணினியிலும் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறாமல் அச்சாகும். முதல் நாள் அந்த இளைஞர் ஒரு தாளை அச்சிட்டு என் கையில் கொடுத்து, ‘எழுத்து வந்திருக்கிறது, சரியாக வந்திருக்கிறதா என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்’ என்றார். படிக்கத் தெரியாத எழுத்துக்காக அவர் இரண்டு மாலைகள் உழைத்தார். அந்த நன்றியை இங்கே பதிவு செய்கிறேன்.

நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்தூர் செல்லும்போது, பதின்மூன்று வாரங்களுக்குரிய பதின்மூன்று கோப்புகளை எண்ணிட்டு ஒரு பெட்டியில் இட்டு வருவேன். ஆணைக் கோப்பு முதல் எண்ணுள்ளதை அச்சிட்டு, ‘முடிந்தவை’ என்ற பெட்டிக்கு மாற்றிவிடும். இணையத்தின் வழியே திருப்பதியிலிருந்தே அனுப்பலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அனுப்பலாம். ஆனால் அச்சுப்பொறியின் வரலாறு எனக்கு வேறொரு பாடம் சொல்லிற்று.

வீட்டில் தானாக அச்சாகும் தாள் என்பது இன்றைய கனவன்று. 1930-களின் இறுதியில் அமெரிக்காவில் வில்லியம் ஃபிஞ்ச் என்ற வானொலிப் பொறியாளர், வானொலி அலைவழியே செய்தித்தாள் அனுப்பும் கருவியை உருவாக்கினார். வானொலி நிலையங்கள் ஓய்ந்திருக்கும் நள்ளிரவில், கடிகாரம் ஒன்று வீட்டுக் கருவியை இயக்கிவிடும். வீட்டார் கண்விழிக்கும்போது செய்தித்தாள் அச்சாகிக் காத்திருக்கும். 1938 டிசம்பர் 7-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரின் ‘போஸ்ட்-டிஸ்பாட்ச்’ இதழும் இவ்வாறு வானொலி வழிச் செய்தித்தாளைத் தொடங்கியது. அந்த முயற்சிகள் நிலைக்கவில்லை. 2012-இல் இலண்டனின் பெர்க் நிறுவனம் ‘லிட்டில் பிரிண்டர்’ என்னும் கையளவுக் கருவியை விற்றது. குறித்த நேரத்தில் சிறு செய்தித்தாள் ஒன்றை அது அச்சிட்டுக் கொடுக்கும். 2014-இல் நிறுவனம் தன் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. தொலைவிலிருந்த அதன் வழங்கிகளை நம்பிய கருவிகள் கதியற்றன. பிறகு 2019-இல் வேறு சிலர் முயன்று அவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். எங்கிருந்தும் வீட்டுப் பொறியில் அச்சிட உதவிய கூகிளின் ‘கிளவுட் பிரிண்ட்’ சேவையும் 2020 டிசம்பர் 31-உடன் முடிவுற்றது. பெரிய நிறுவனங்கள் தம் கணக்குக்கேற்ப ஒரு சேவையைத் தொடங்கும், முடிக்கும். ஒரு குழந்தையின் படிப்புக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் ஏற்பாடு, வீட்டுக் கணினியிலேயே, வீட்டார் கைக்குள்ளேயே இருப்பது நல்லது. அறுந்தால் நாமே முடிந்துகொள்ளலாம்.

இனி, விளைந்தது என்ன? சென்ற ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் முதல் தாள் வந்தது. எவரும் தொடாத பொறி தானே முனகி எழுந்து ஒரு தாளைத் தள்ளியதைப் பார்க்கும் ஆவலே முதல் சில வாரங்களுக்குப் போதுமானதாயிற்று. மருமகன் காப்பியோடு அருகில் அமர்ந்தார். அவருக்கும் அது புதிய எழுத்தே. தெலுங்கு அறிந்த இருவருக்கும் ஒரே ஐயங்கள் எழுந்தன. தெலுங்கில் நான்கு எழுத்துகள் நிற்கும் இடத்தில் தமிழில் ‘க’ ஒன்றே நிற்பது எப்படி என்று கேட்டார்கள். ‘காகம்’ என்ற சொல்லை எழுதிக் காட்டி, முதலில் ஒரு விதமாகவும் நடுவில் ஒரு விதமாகவும் அந்த ஓர் எழுத்தே ஒலிப்பதைச் சொன்னேன். இன்றைய தெலுங்கில் இல்லாத ‘ழ’ இருவருக்கும் ஒருசேரத் தொல்லை கொடுத்தது. தந்தையும் மகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருப்பது குழந்தைக்கு மிகவும் பிடித்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறன்று, தாளின் கீழ்ப்பாதியில் அவள் எவரும் சொல்லாமல் எழுதினாள்: ‘பெரிய ஆயாவுக்கு. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிட்டீர்களா? இங்கே மளை.’ அந்தத் தாளை உறையில் இட்டுத் திருத்தணிக்கு அனுப்பினோம். பத்து நாட்களில் அதே தாள் திரும்பி வந்தது. என் தாயார் பென்சிலால் ‘ளை’யை அடித்து ‘ழை’ என்று எழுதி, பக்கத்தில், ‘இங்கேயும் மழை. நான் இட்டிலி சாப்பிட்டேன். உன் எழுத்து உன் அம்மாவின் எழுத்தைப் போல் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். பேத்தி அதைப் பலமுறை படித்தாள். அவளிடம் அவர் பேசிய நீண்ட பேச்சு, பல ஆண்டுகளில் அதுவே முதலாவது.

இதைக் கொண்டு இயந்திரத்தின் பெருமையைப் பாட நான் முற்படவில்லை. மார்ச் மாதம் தேர்வுகள் வந்தன. மூன்று ஞாயிறுகளில் மூன்று தாள்கள் பொறியின் வாயிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எடுப்பார் இல்லை என்பது பொறிக்குத் தெரியாது. அது தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது. துளைகள் காயவில்லை, பாடம் காய்ந்துவிட்டது. தாள் வருவது வேறு, தமிழ் வருவது வேறு. முன்னதைக் கணினி செய்யும். பின்னதற்கு ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அந்த மூன்று வாரங்களின் முடிவில் நிகழ்ந்ததே என் மனத்தில் நிற்கிறது. திருத்தணியில் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ‘அண்ணா, உங்கள் அம்மா கேட்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாள் மூன்று வாரமாக வரவில்லையாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?’ என்றார். நேரம் இல்லாதிருந்த காரியத்துக்குக் கணினி ஒரு நேரத்தைக் கொடுத்தது. கேட்பார் இல்லாதிருந்த காரியத்துக்கு என் தாயார் கேட்பவர் ஆனார். இவ்விரண்டும் சேர்ந்தபின்னரே அது பால் வருவதைப் போலவும் பள்ளி வண்டி வருவதைப் போலவும் நிலைபெற்றது. அடுத்த ஞாயிறு முதல் கடிதம் தவறவில்லை.

ஆகவே இதைச் செய்ய விரும்பும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. பாடத்துக்கு அலைய வேண்டுவதில்லை. 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகம் புலம்பெயர்ந்தோர் குழந்தைகளுக்கென்றே மழலைக் கல்வி முதலாகப் பாடங்கள் வைத்திருக்கிறது. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழைய நூல்கள் அச்சிடத்தக்க வடிவில் கிடைக்கின்றன. நான்கு வீடுகள் சேர்ந்தால் ஆளுக்குப் பதின்மூன்று தாள்களை அமைத்து ஓராண்டின் 52 வாரங்களையும் நிரப்பிவிடலாம். தாள் மிக எளியதாக இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கைப்பேசித் திரையிலேயே காட்டலாமே என்பார்க்கு என் விடை, திரையின் அடியில் குழந்தை எழுதி உறையில் இட முடியாது என்பதே.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்று செய்யுங்கள். தாள் எந்த நாளில் எந்த மணிக்கு அச்சாக வேண்டும் என்று கணினி கேட்கும். அதற்கு விடை எழுதுமுன், அந்த நாளில் அந்த மணிக்குக் குழந்தையின் அருகில் அமரப்போவது யார் என்பதை வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்து, குழந்தை எழுதும் எழுத்துக்காகக் காத்திருக்கப்போகும் முதியவர் ஒருவரை, ஊரிலோ அயல்நாட்டிலோ, தேர்ந்துகொள்ளுங்கள். அதன் பின் கணினியைத் திறந்து நேரத்தைக் குறியுங்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்; வாரம் ஒரு தாளாக ஒரு ரீம் தீர்வதற்குள் ஒரு குழந்தை தமிழ் படித்துவிடும்.